குருக்கள்மடத்துக்கு நாம் எழுதாத பத்வா

1990 ஜூலை 12 அன்று கல்முனை வீதியில், குருக்கள்மடத்தில், விடுதலைப் புலிகள் மறித்துக் கொண்டுபோனவர்கள் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த எம் ஆட்கள். ஹஜ்ஜை முடித்து வந்தவர்கள் இருந்தார்கள், வியாபாரத்துக்குப் போய் வந்தவர்கள் இருந்தார்கள். மூன்று தசாப்தங்கள் கடந்தும் அவர்களின் ஜனாஸாக்கள் மையவாடிக்கு வந்து சேரவில்லை. எத்தனை பேர் என்று கேட்டால் ஒருவர் எழுபதுக்குக் கீழே சொல்வார், இன்னொருவர் நூற்றறுபதுக்கு மேலே சொல்வார். ஊர் முழுக்க ஒப்புக்கொள்ளும் ஒரு பெயர்ப்பட்டியல் எம்மிடம் இல்லை.

அரசாங்கத்தைக் குற்றம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பட்டியல் எழுதுவதற்கு அரசாங்கம் எதற்கு? மஹல்லா தோறும் பள்ளிவாசல் இருந்தது. மத்ரஸாவில் ஓதி வெளியேறிய நாம் இருந்தோம்.

காணாமற்போனவரின் மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது? மரணம் உறுதியாகும் வரை என்பது ஷாபிஈ மத்ஹபின் பிந்திய கருத்து. நான்கு வருடம், அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. இரண்டையும் வரி வரியாக ஓதினோம். ஓதியதைக் கொண்டு அந்தப் பெண்களின் வாசலுக்குப் போகவில்லை. அவள் விதவையா, இன்னும் மனைவியா, கணவன் பெயரிலுள்ள காணியை விற்கலாமா, பிள்ளைகளுக்குப் பங்கு எப்போது என்றெல்லாம் அவளே அலைந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாட்டின் சட்டம் தாமதமாகவேனும் நகர்ந்தது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவதற்கு வழிதந்தது. 2016இல் அதைத் திருத்தி, இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத குடும்பத்துக்குக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. மரணப் பதிவோடு இத்தா தொடங்குமா, இந்தச் சான்றிதழை வைத்து வாரிசுச் சொத்தைப் பிரிக்கலாமா, காதி இதை எப்படி ஏற்பது? பிக்ஹும் சட்டமும் ஒன்றாய்த் தெரிந்தவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. பிறைக்கும் ஹலாலுக்கும் கொடுத்த மிம்பரில் பாதியையாவது இவற்றுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

2014இல் விடயம் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. அவர்கள் புதைக்கப்பட்டதாக நம்பப்படும் இடத்தின் அகழ்வு தள்ளிப்போடப்பட்டது. பதினொரு வருடம் கழித்துத்தான் மறுபடி நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. குளிப்பாட்டாமலும் தொழுவிக்காமலும் புதைக்கப்பட்டவரின் கப்றைத் தோண்டலாமா என்பது எம் கிதாபுகளில் பேசப்பட்ட விடயம். எலும்புகள் கிடைத்தால் எப்படிக் கபனிடுவது, கலந்து கிடந்தால் என்ன செய்வது, மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கலாமா என்பதற்கெல்லாம் நீதிமன்றம் அழைக்கும் முன்பே பதில் எழுதி வைத்திருக்கலாம்.

முடியாத வேலையல்ல. கொவிட் காலத்தில் ஜனாஸா எரிப்புக்கு எதிராக உலமாக்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் அவரவர் அறிவோடு போராடினார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. உலமாக்களுக்கு அமைப்பும் இல்லாமலில்லை: அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா 1924இல் உருவானது. 2000ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. இவ்வளவு பழைய அமைப்பு இருந்தும், பாலம் திறக்கும்போது துஆ ஓத மௌலவியை அழைத்தோம். பாலம் எங்கே வேண்டும் என்று பேசிய பிரதேச செயலகக் கூட்டத்துக்கு அவரை அனுப்பவில்லை. அவரும் கேட்கவில்லை. நிருவாகம் உத்தியோகத்தரின் பாடு, அபிவிருத்தி அரசியல்வாதியின் பாடு என்று இரு தரப்பும் பேசாமலே உடன்பட்டிருந்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதிகம் வலிப்பது அதுதான். குருக்கள்மடம் தமிழ்க் கிராமம். அந்த மணலில் எது எங்கே என்று தெரிந்த முதியவர்கள் அங்கே இருந்திருப்பார்கள். அவர்களிடம் கோயில் நிருவாகத்தினூடாகவேனும் போய் உட்கார்ந்து பேச எம்மில் யாரையும் நாம் பொறுப்பாக்கவில்லை. 1990 செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டதை எம் குத்பாக்கள் பேசவில்லை. அவர்களுடைய துயரத்துக்கு வாய் திறக்காதவர்களிடம் அவர்கள் எதைச் சொல்ல முடியும்?

இப்போதும் செய்யக்கூடியது உண்டு. பள்ளிவாசல் தோறும் ஒரு மௌலவி, ஒரு சட்டத்தரணி, ஒரு கிராம உத்தியோகத்தர் உட்கார்ந்து பெயர், முகவரி, கடைசியாகக் கண்டவர் யார் என்று பதிய வேண்டும். இரத்த மாதிரி கொடுக்கக்கூடிய உம்மாமாரும் கூடப்பிறந்தவர்களும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும்.