ஜெட் நம்பரைச் சீட்டில் எழுதுங்கள்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நெல் மூட்டை உள்ளே வந்தால் ஒரு வரி, அரிசிச் சிப்பம் வெளியே போனால் ஒரு வரி. அந்தப் பழக்கம் வண்டிக்கும் தொற்றிக்கொண்டது. என்னுடையது பழைய 350 சிசி வண்டி. கார்புரேட்டர் காலத்து ஆள். பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று 40 பக்க நோட்டில் எழுதிவிடுவேன். இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு. பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி என்று ஊர் சுற்றினாலும் லிட்டருக்கு 35-க்குக் குறைந்ததாக ஒரு வரிகூட இல்லை, 2024 டிசம்பர் வரை.

வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. குற்றம் வண்டியுடையது அல்ல.

2025 பொங்கல் விடுமுறையில் ராமேஸ்வரம் போனோம். டேங்கில் 15 லிட்டர் பிடிக்கும். பழைய கணக்குப்படி 500 கிலோமீட்டருக்குப் பங்க் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. போக 250, தனுஷ்கோடிக்குப் போய்வர 40. திரும்பும் வழியில் ராமநாதபுரம் தாண்டி, சத்திரக்குடி அருகே வண்டி இருமுறை முக்கிவிட்டு நின்றது. ரிசர்வுக்குத் திருப்பலாம் என்று குனிந்தால், பெட்ரோல் டேப் ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. கடைசியாக வேலை பார்த்த பட்டறையில் அப்படியே விட்டிருக்கிறார்கள். 360 கிலோமீட்டருக்கு 15 லிட்டரும் காலி. லிட்டருக்கு 24. உச்சி வெயிலில் 2 கிலோமீட்டர் தள்ளினேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பின்னால் நடந்து வந்த மனைவி, "வண்டியில கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி நடக்க வெச்சுட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் வண்டியை ‘டூரிங்குக்குத் தயார்’ செய்யக் கொடுத்திருந்தேன். பெரிய ஊர்ப் பட்டறை, கண்ணாடி போட்ட ஆபீஸ், காபி எல்லாம் உண்டு. 14,000 ரூபாய். பில்லில் ஒரே வரி: ‘டியூனிங்’. ஆலையில் இப்படி ஒரு வவுச்சர் என் மேஜைக்கு வந்தால் பாஸ் போட மாட்டேன். ஆனால் அன்று எனக்கு வண்டியின் புதுச் சத்தம் காதுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. என்ன மாற்றினீர்கள், எந்த அளவில் மாற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. 54 வயதில் அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டவன் நான்தான். பட்டறைக்காரர் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

நாமக்கல்லில் டீசல் பம்ப் லேப் ஒன்றில் என் அக்கா மகன் வேலை பார்க்கிறான். லாரிகளின் இன்ஜெக்டரைப் பெஞ்சில் மாட்டி, எத்தனை சொட்டு விழுகிறது என்று அளக்கிற வேலை. லாரிக்காரர்கள் லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் குறைந்தாலும் டிரிப் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முசிறி, தொட்டியம் வழியாகக் காவிரியை ஒட்டியே அவன் வீட்டுக்குப் போனேன். கார்புரேட்டரைப் பிரிப்பான் என்று நினைத்தேன். அவன் ஸ்பேனரையே எடுக்கவில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டான். முக்கால் சுற்றுகூடப் போகவில்லை. ‘சர்க்’ என்று நின்றது.

"மாமா, இன்ஜினைத் திட்டாதீங்க. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ராமேஸ்வரம் போயிருக்கீங்க."

பின் பிரேக் ஷூ உரசிக்கொண்டிருந்தது. செயினை விரலால் தூக்கிப் பார்த்தான், வீணைக் கம்பி மாதிரி இருந்தது. இரண்டும் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது நடந்தவை. டயரில் காற்று 32 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தது. அது முழுக்க என் சோம்பேறித்தனம். மூன்றையும் சரிசெய்து, "இன்னைக்கு இவ்வளவுதான். நோட்டுல எழுதிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது எவ்வளவு தின்றது என்று தெரியாது என்பது அவன் கட்சி. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடப் பிடித்த பேச்சு ஏது?

போக வர 170 கிலோமீட்டர். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி சென்டர் ஸ்டாண்டில், பெட்ரோல் டேங்க் கழுத்தில் அதே விளிம்பு வரை. எதையும் தொடுவதற்கு முன் அதே 170 கிலோமீட்டருக்குக் குடித்தது 7.1 லிட்டர். பிரேக், செயின், காற்று மூன்றும் சரியான அடுத்த வாரம் 6.25. அதாவது லிட்டருக்கு 3 கிலோமீட்டருக்கு மேல், இன்ஜினைத் தொடாமலே திரும்பி வந்துவிட்டது. பிறகு டேப்பட். பீலர் கேஜ் நுழையாத அளவுக்கு ஒரு வால்வு இறுக்கமாக இருந்தது. அப்படி இருந்தால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், எரிய வேண்டிய பெட்ரோல் வீணாகும். அதைச் சரிசெய்து புது பிளக் போட்டதில் கொஞ்சம்தான் கூடியது. மூன்றாவது ஞாயிறுதான் கார்புரேட்டர்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இழுவை அதிகம் வேண்டுமென்றால் காற்றைக் குறைத்து 13-க்குக் கீழே போகலாம். அப்போது எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போகும். இந்த விகிதத்தை வைத்திருப்பவை துளைகள்தான். ஐடிலிங்கில் ஸ்லோ ஜெட், பாதி முறுக்கலில் நீடில், முழு முறுக்கலில் மெயின் ஜெட். என் வண்டியின் ஒரிஜினல் மெயின் ஜெட் 110. பிரித்துப் பார்த்தால் உள்ளே 130. நம்பர் ஏற ஏறத் துளை பெரிது. போதாக்குறைக்கு நீடிலின் கிளிப்பை இரண்டு வெட்டு கீழே இறக்கி, நீடிலைத் தூக்கி வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் நம் வண்டிகள் பெரும்பாலும் ஓடுவது அந்த நீடில் பகுதியில்தான். சத்தத்துக்காகத் திறந்த சைலன்சர், அதற்கு ஈடாகக் கூம்பு வடிவ ஏர் பில்டர், இரண்டுக்கும் ஈடாகப் பெரிய ஜெட். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் என்பதுபோல ஒன்றுக்குப் பின் ஒன்று. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. இப்போதைய பெட்ரோலில் பிளக்கின் நிறம் முன்புபோலத் தெளிவாகப் படிவதில்லை என்றாலும், அந்தக் கருப்பைப் படிக்கப் படிப்பு தேவையில்லை.

நல்லவேளை, பழைய சைலன்சரும் பில்டர் பெட்டியும் வீட்டுப் பரணில் இருந்தன. 110 ஜெட் வாங்கிப் போட்டு, நீடிலை நடு வெட்டுக்குக் கொண்டுவந்து, மிதவையின் உயரத்தைப் பார்த்து மூடினான். அடுத்த வாரம் 5 லிட்டர். லிட்டருக்கு 34.

பழைய 36-க்கு மீதி 2 கிலோமீட்டர் எங்கே என்று கேட்டேன். என் வலது கையைக் காட்டினான். அதுவும் உண்மைதான். சத்தம் வந்த நாளிலிருந்து என்னை அறியாமல் 95-ல் போய்க்கொண்டிருந்தேன். 75-லிருந்து 95 என்றால் வேகம் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும், 60 விழுக்காடு கூடிவிடும். பக்கத்துக்கொரு பெட்டி மாட்டி, காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு போகும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை. அடுத்த ஞாயிறு 75-ஐத் தாண்டாமல் போனேன். 4.6 லிட்டர். லிட்டருக்கு 37.

டியூனிங் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. என் வண்டியைக் காப்பாற்றியதும் டியூனிங்தான். ஆனால் நம் ஊரில் அந்தப் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி, கம்பெனி கணக்குப் போட்டு வைத்ததைக் கணக்கில்லாமல் மாற்றுவது. உண்மையான டியூனிங் தேய்ந்ததையும் தளர்ந்ததையும் பழைய அளவுக்குத் திருப்புவது. அதில் சத்தம் வராது, ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. அதனால்தான் அதற்கு மவுசு இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு வியாபாரம் உண்டு: ‘மைலேஜ் செட்டிங்’. ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைப் பட்டினி போடுவது. பத்து நாளைக்கு மைலேஜ் ஏறும். காற்றால் குளிரும் இன்ஜின் கொதிக்கும், ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிக்கும், நாள்போக வால்வு கருகும். மிஞ்சிய பெட்ரோல் காசு முழுக்க லேத்துக்குப் போகும்.

கார்புரேட்டர் காலம் முடிந்தது, இதெல்லாம் எதற்கு என்பார்கள் இளைஞர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்ததிலிருந்து ஏறக்குறைய எல்லாப் புது வண்டியும் இன்ஜெக்‌ஷன்தான், உண்மை. ஜெட் போய் ரீமேப் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சாரிடம் ‘காற்று அதிகம்’ என்று பொய் சொல்லி, இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவைக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வைக்கும் சின்னப் பெட்டிகள் விற்பனைக்கு இருக்கின்றன. வண்டி வழுக்கிக்கொண்டு போகும் என்று சொல்லி விற்கிறார்கள். வழுக்கத்தான் செய்யும், பெட்ரோல் ஊற்றினால் வழுக்காதா?

இன்னொரு சாக்கு, எத்தனால். மைலேஜ் குறைந்த எல்லாருக்கும் இப்போது கையில் கிடைத்த குற்றவாளி, எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் சக்தி குறைவுதான், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, இ20 வந்தால் பழைய வடிவமைப்பு இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 விழுக்காடு மைலேஜ் குறையும் என்று சொன்னது. என்னைப் போன்ற கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்குப் பெரும்பாலான பங்க்குகளில் வேறு தேர்வு இல்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் 36-க்கு 4 விழுக்காடு என்றால் ஒன்றரை கிலோமீட்டர். தொலைந்தது 12. மீதிக்கு எத்தனால் என்ன செய்யும்?

புகைச் சான்றிதழையும் நம்ப முடியாது. பெரிய ஜெட்டோடு ஓடிய நாளில் எடுத்த சீட்டு இன்னும் வைத்திருக்கிறேன். என் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 விழுக்காடு. வந்தது 2.9. பாஸ். ஏனென்றால் சோதனை ஐடிலிங்கில் நடக்கிறது. அங்கே பேசுவது ஸ்லோ ஜெட், பெட்ரோலைக் குடித்த மெயின் ஜெட்டும் நீடிலும் அந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் சாலையில் சைலன்சரை மட்டும் பிடிக்கிறது. ஜெட்டை யார் பார்ப்பார்கள்?

அதனால் பார்க்க வேண்டியவர் வண்டிக்காரர்தான். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 24-க்கும் 36-க்கும் இடையில் இருப்பது கிட்டத்தட்ட 14 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே 1,400 ரூபாய், மாதாமாதம். லாரிக்காரர் பம்பைப் பெஞ்சில் ஏற்றும்போது முன்னால் என்ன அளவு, பின்னால் என்ன அளவு என்று சீட்டில் வாங்காமல் போவதில்லை என்கிறான் அக்கா மகன். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியைக் கொடுத்துவிட்டு, நாம் ‘டியூனிங்’ என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

அடுத்த முறை வண்டியை விடும்போது பழைய ஜெட் நம்பர், புது ஜெட் நம்பர், நீடில் எந்த வெட்டில் இருக்கிறது, டேப்பட் இடைவெளி எவ்வளவு, இவற்றை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கிளம்பும் முன் பெட்ரோல் டேப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.