வாசலில் வாலாட்டும் வாத்தியார்



ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருக்கும் ஒரு தாய், பிள்ளையைப் பள்ளியில் விட வந்தபோது என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரர் லோரி ஓட்டிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வருவார். கேட்டுகிட்ட நிக்கிற நாயைத் தடவிக் கொடுத்து, 'சாப்பிட்டியாடா'ன்னு கேப்பார். அடுப்படியில நிக்கிற என்னைத் தாண்டி நேரா குளிக்கப் போயிடுவார். பதினாறு வருஷமா இதே கதைதான்."

சிரித்தபடிதான் சொன்னார். பிறகு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மனிதரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம், திண்ணையில் மாமியார். மனைவியின் தோளைத் தொட்டாலே லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். அதற்காக அன்பு இல்லாமல் போய்விட்டதா? விடியற்காலையில் இருவரும் ஒன்றாகவே வெட்டுக்காட்டுக்குப் போவார்கள். கனத்த பால் வாளியை அவர் வாங்கிச் சுமப்பார். தூக்குச்சட்டியில் நல்ல கருவாட்டுத் துண்டை இவர் அவருக்கென்று ஒதுக்கி வைப்பார். வாய் பேசாவிட்டாலும் கண்ணெதிரே நடந்ததால் மனசுக்குத் தெரிந்தது. இன்று அவர் நெடுஞ்சாலையில், இவர் தொழிற்சாலையில். அவர் படும் பாட்டை இவர் காண்பதில்லை. இவர் படும் பாட்டை அவரும் காண்பதில்லை. இருவரும் சந்திக்கும் இடம் வீட்டு வாசல் ஒன்றுதான். அங்கேயும் மௌனம் என்றால் எப்படி?

நாய்க்கு இந்த வாசலின் அருமை தெரியும். சோற்றுக்காக வாலாட்டுகிறது என்பார்கள். 2015-இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரு தரப்பிலும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு கூடியதாம். தாய் பாலூட்டும்போது சுரப்பதும் அதுதான். பூனையும் சளைத்ததல்ல. கண்ணை மெல்லச் சுருக்கிப் பார்த்தால் பூனையும் அப்படியே பதிலுக்குச் செய்கிறது என்று 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள்.

ஒரு பார்வை, ஒரு தொடுகை. காசு செலவில்லை. யார் முதலில் என்ற வீம்பும் நாயிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உதைத்தவன் காலையும் நாய் நக்கும். அந்தப் பாடம் நம் பெண்களுக்கு வேண்டவே வேண்டாம்.

அந்தத் தாயிடம், "நீங்களே ஒருநாள் கேட்டுக்குப் போய் நில்லுங்களேன்" என்றேன். வெட்கப்பட்டார். போன வாரம் மறுபடி பார்த்தேன்.

"நாலு நாள் போய் நின்னேன் டீச்சர். என்ன, காசு வேணுமான்னு கேட்டார். அஞ்சாம் நாள் லோரியிலேருந்து இறங்கினதும், 'நீ சாப்பிட்டியா'ன்னார். நாயைக் கேக்குறாரா, என்னைக் கேக்குறாரான்னு திரும்பிப் பார்த்தேன். நாய் வீட்டுக்குப் பின்னால கட்டிக் கிடந்துச்சு."