மராத்தியிலும் ஒரு வகுப்பு

மீடியா படிக்க மகளைப் புனேக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் தமிழ்ப் பெற்றோர் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள். ஹாஸ்டல் எப்படி, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். எல்லாம் நியாயமான கவலைகள்தான். ஆனால் படித்துவிட்டு அவள் எந்த மொழியில் எழுதப் போகிறாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

புனேயில் 'மீடியா' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் சரக்கு பலவகை. பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-ல் தொடங்கிய திரைப்படக் கல்லூரி லா காலேஜ் சாலையில் இருக்கிறது. விளம்பரம், மக்கள் தொடர்பு என்று கம்பெனி உத்தியோகங்களுக்குத் தயார்செய்யும் சிம்பயாசிஸ் நிறுவனம் 1990-ல் வந்தது. பல்கலைக்கழகத்திலோ ஒன்றுக்கு இரண்டு துறைகள். கணேஷ்கிண்ட் வளாகத்தில் இருக்கும் துறை தகவல் தொடர்பை விஞ்ஞானமாகக் கருதி எம்.எஸ்சி. பட்டம் கொடுத்து வந்தது. மற்றொன்று ஊருக்கு நடுவே, பெர்குசன் கல்லூரிச் சாலையில், நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் பெயர் தாங்கிய கட்டிடத்தில் 1964-ல் தொடங்கிய இதழியல் துறை. 'ரானடே' என்றால் புனே பத்திரிகைக்காரர்களுக்கு அந்தத் துறைதான்.

ரானடேயின் விசேஷம் கேமராவோ எடிட்டிங் அறையோ அல்ல. அங்கே இதழியலை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, மராத்தியிலும் கற்றுக்கொடுத்தார்கள். மராத்திப் பத்திரிகைகளின் செய்திப் பிரிவுகளில் அங்கே படித்தவர்கள் நிறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

செய்தி எழுத எந்த மொழியானால் என்ன என்று கேட்கலாம். ஒரு சாதாரணத் திருட்டு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டவன் 'அவனா', 'அவரா'? ஆங்கில நிருபருக்கு இந்தத் தலைவலியே கிடையாது. தமிழ் நிருபரோ ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பிக்பாக்கெட் 'கைது செய்யப்பட்டான்'. ஊழல் வழக்கில் சிக்கும் மாஜி மந்திரி 'கைது செய்யப்பட்டார்'. இருவர் குற்றமும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இந்த ஓரவஞ்சனையைப் பற்றி எந்த அமெரிக்கப் பாடப்புத்தகத்திலும் ஓர் அத்தியாயம் இருக்காது. மராத்தியில் 'தோ' என்றால் அவன், 'தே' என்றால் அவர். மராத்தி வகுப்பில் உட்காரும் மாணவன் இந்தப் பிரச்சினையைச் சந்திக்காமல் தப்ப முடியாது.

அடுத்தது, நமது செல்லப் பிள்ளையான 'கூறப்படுகிறது'. யார் கூறியது? போலீஸா, பக்கத்து வீட்டுக்காரரா, நிருபரின் கற்பனையா? ஆங்கிலத்திலும் இப்படி மறைந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் அங்கே ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு 'யார்?' என்று கேட்பார். தமிழில் அந்த வட்டத்தைப் போடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பறைகள் எத்தனை?

புனேக்கு இந்த விவகாரம் புதிதல்ல. திலகரும் நண்பர்களும் 1881-ல் மராத்தியில் 'கேசரி'யையும் ஆங்கிலத்தில் 'மராட்டா'வையும் தொடங்கினார்கள். வெள்ளைக்கார அரசை அதிகம் உறுத்தியது மராத்திப் பத்திரிகைதான். 1908-ல் கேசரி கட்டுரைகளுக்காக பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, திலகர் தனக்காகத் தானே வாதாடினார். அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பாளரைக் குறுக்கு விசாரணை செய்து, தன் மராத்திச் சொற்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆங்கிலப் பொருள் சரியல்ல என்று நீண்ட நேரம் வாதித்தார். ஜூரிகளில் ஏழு பேர் ஐரோப்பியர், இருவர் பார்சிகள். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆறு ஆண்டு மாண்டலே சிறை. ஒரு பத்திரிகையாசிரியரின் தலைவிதி சொற்களின் பொருளைச் சுற்றி நடந்த கதை இது. இதழியல் படிக்கும் எவருக்கும் முதல் பாடமாக வைக்கலாம்.

அதே ஊரில் 1932-ல் 'சகாள்' நாளிதழைத் தொடங்கிய நானாசாகேப் பருலேகர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்போடு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் உட்கார்ந்திருக்கலாம். அவர் நடத்தியது, உள்ளூர்ச் செய்திக்கு இடம் கொடுத்த மராத்திப் பத்திரிகை.

நம்மவர் உதாரணமும் உண்டு. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, 1969-ல் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கம் பெற்றார். வெளிச்சத்தை அங்கே கற்றார். தமிழை அங்கே யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பின்னால் 'கதை நேரம்' என்று தமிழ்ச் சிறுகதைகளை டி.வி.க்குப் படமாக்கியவர், கடைசிக் காலத்தில் சென்னையில் நடத்திய சினிமாப் பட்டறையில் மாணவர்களைச் சிறுகதை படிக்கச் சொல்லி விரட்டினார். புனேயில் கிடைக்காததைத் தன் பள்ளியில் சேர்த்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டின் கதை விசித்திரம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் 1947-லேயே வந்துவிட்டது. இருந்தும் தமிழில் நிருபர் வேலை கற்றுக்கொள்ள விரும்பிய இளைஞர்கள் போய்ச் சேர்ந்தது பத்திரிகை ஆபீஸ்களில். 1980களில் விகடன் நடத்தத் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல பல்கலைக்கழகத் துறைகளைவிட அதிகத் தமிழ் நிருபர்களை உருவாக்கியிருக்கும் என்பது என் ஊகம். தமிழ்த் துறைகளில் இதழியல் ஒரு தாள். சுதேசமித்திரன் வரலாறு எழுதினால் மார்க் கிடைக்கும். விஸ்காம் துறைகளில் கேமரா இருக்கிறது, தமிழ் வாக்கியம் இல்லை. இரண்டு துறைகளும் ஒரே கல்லூரியில் இருந்தாலும் சந்தித்துக்கொள்வது ஆண்டு விழாவில்தான்.

ரானடேக்கும் சோதனை வந்தது. 2021-ல் பல்கலைக்கழக நிர்வாகம் இரண்டு துறைகளையும் இணைத்து கணேஷ்கிண்ட் வளாகத்துக்குக் கொண்டுபோக முடிவெடுத்தது. ஒரே பாடத்துக்கு இரண்டு துறைகள் எதற்கு, வசதிகளைப் பகிர்ந்துகொள்ளலாமே என்பது நிர்வாக வாதம். கணக்குப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் பழைய மாணவர்களும் பத்திரிகையாளர்களும் கொதித்தெழுந்தார்கள். பெர்குசன் கல்லூரிச் சாலையில் மனையின் விலை என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. மாநில அமைச்சர் தலையிட, அப்போது முடிவு நிறுத்திவைக்கப்பட்டது.

நான் போராடியவர்கள் பக்கம். மனைக்காக அல்ல. தகவல் தொடர்பை ஆராய்வதும் செய்தி எழுதுவதும் வேறு வேறு. முதலாவதை மரங்கள் சூழ்ந்த வளாகத்தில் நிதானமாகச் செய்யலாம். இரண்டாவதற்கு வாசலைத் தாண்டினால் பஸ் ஸ்டாப்பும், டீக்கடையும், ஊர் மொழியில் சண்டை போடும் ஜனங்களும் வேண்டும். இணைப்பு நடந்தால் எந்தத் துறையின் மொழி ஜெயிக்கும் என்று யூகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை.

கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை வீட்டில் தமிழ் பேசி, தெருவில் மராத்தி பேசி வளர்ந்தவன் என்றால், அவனுக்கு மிக இயல்பாக எழுத வருவது மராத்தியாகவே இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மராத்திப் பத்திரிகைக்குத் தமிழர் நிருபராகக் கூடாது என்று சட்டம் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளையை அனுப்புகிறவர்கள், விண்ணப்பம் வாங்கப் போகும் துறையில் மாணவர்கள் நடத்தும் பயிற்சிப் பத்திரிகையின் பழைய இதழ்கள் இரண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த மொழியில் இருக்கிறது, ஊர்ச் செய்தி எத்தனை, 'தெரிகிறது' எத்தனை என்று எண்ணிப் பார்க்க அரை மணி போதும். பளபளக்கும் பிராஸ்பெக்டஸில் இது இருக்காது.