ஏழாம் நம்பர் யாருக்கு?

கதிர்காமம் பக்கம் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி ஒன்றை அறிவித்துவிட்டால், முதல் சண்டை மைதானத்தில் நடப்பதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில்தான் நடக்கும். "ஜெர்சி அடிக்கணும், பேரு, சைஸ், நம்பர் அனுப்புங்க" என்று கேப்டன் ஒரு மெசேஜ் போடுவார். பதினைந்து பேரில் ஐந்து பேர் 7 கேட்பார்கள். மூன்று பேர் 18. இரண்டு பேர் 10. "போன வருஷமே 7 நான்தாண்ணே போட்டேன்" என்று ஒருவர். "நான் பொறந்ததே ஏழாம் தேதிடா" என்று இன்னொருவர். கடைசியில் சீனியர்களுக்குக் கேட்டது கிடைக்கும். டீமிலேயே சின்னப் பையனுக்கு 43, 61 என்று மிச்சம் இருக்கும் எண் ஏதாவது வந்து சேரும்.

இது சின்னப் பிள்ளைகள் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய கிரிக்கெட் வாரியமே இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறது.

2017 ஆகஸ்ட் 31. கொழும்பில் இலங்கைக்கு எதிரான ஒருநாள் போட்டி. மும்பையைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் ஷர்துல் தாக்கூருக்கு அதுதான் முதல் சர்வதேசப் போட்டி. அவர் முதுகில் இருந்த எண் 10. சச்சின் டெண்டுல்கரின் எண். ஒரு இளைஞன் இந்தியாவுக்காக முதல்முறை ஆடுகிறான் என்று சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு, "யாரைக் கேட்டு அந்த எண்ணைப் போட்டாய்?" என்று சமூக வலைதளங்களில் திட்டித் தீர்த்தார்கள். அவர் சொன்ன காரணம் நம் ஊர் வீடுகளில் தினமும் கேட்கிற காரணம்தான்: எண் கணிதம். பிறந்த தேதி 16-10-1991. அத்தனை இலக்கங்களையும் கூட்டினால் 28. இரண்டையும் எட்டையும் கூட்டினால் 10. ஆனாலும் அவர் 54-க்கு மாற வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு நவம்பரிலேயே, 10-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று வாரியம் ஓசைப்படாமல் முடிவெடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. 2023 டிசம்பரில் தோனியின் 7-ம் அதே வரிசையில் சேர்ந்தது.

அதே சமயத்தில் வெளியான இன்னொரு விவரம் முக்கியமானது. இப்போது ஆடுகிறவர்களுக்கும், அணியில் இடம்பிடிக்கக் காத்திருப்பவர்களுக்கும் என்று சுமார் 60 எண்கள் போய்விடுகின்றன. ஒருவர் ஓராண்டு அணியில் இல்லாவிட்டாலும் அவர் எண்ணைப் புதியவருக்குத் தருவதில்லை. ஆக, புதிதாக வருபவர் மிச்சமிருக்கும் முப்பது சொச்சம் எண்களில்தான் தேட வேண்டும். யஷஸ்வி ஜெய்ஸ்வாலுக்கு 19 வேண்டும் என்று ஆசை. அது நம் சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக்கின் எண். அவர் அப்போது ஓய்வு பெறவில்லை. ஜெய்ஸ்வால் 64-ஐ எடுத்துக்கொண்டார். ஷுப்மன் கில்லுக்கு ஆசை 7 மேல். கிடைக்கவில்லை. இரண்டு ஏழாகப் போட்டுக்கொண்டார்: 77.

எண் எதற்காக வந்தது?

ஆதியில் இதற்கு ஒரே வேலைதான் இருந்தது. தூரத்தில் ஓடுவது யார் என்று நடுவருக்கும் பார்வையாளருக்கும் தெரிய வேண்டும். இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் 1928 ஆகஸ்ட் 25 அன்று ஆர்சனலும் செல்சியும் தத்தம் போட்டிகளில் எண் போட்ட சட்டையோடு இறங்கிப் பார்த்தன. 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எவர்டன் அணிக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22. எண் அப்போது ஆளுக்குச் சொந்தமில்லை. ஆடும் இடத்துக்குச் சொந்தம். கீப்பர் என்றால் 1. அவ்வளவுதான்.

உலகமே கும்பிடுகிற 10-க்கும் அப்படி ஒன்றும் தெய்வீகப் பிறப்பு கிடையாது. 1958 உலகக் கோப்பையில் 17 வயது பீலேவுக்கு அந்த எண் வந்தது யாரும் யோசித்துக் கொடுத்ததால் அல்ல. அந்த பிரேசில் அணியில் எண்கள் தாறுமாறாகத்தான் விழுந்திருந்தன. கோல் கீப்பர் கில்மார் முதுகில் 3 இருந்தது. 10 பீலேவைப் பெரியவர் ஆக்கவில்லை. பீலே போட்டதால் 10 பெரியதாயிற்று.

ஒரே எண், இரண்டு பேர்

எண் பற்றாக்குறையை வேறு விதமாகச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் ஃபுட்பால் நம் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். ஒரு கல்லூரி அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். எண்ணோ இரண்டு இலக்கத்தைத் தாண்டக் கூடாது. நூறு எண்ணுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை எப்படி அடக்குவது?

பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான். அங்கே ஒரே எண்ணை இரண்டு பேர் போடலாம். பெரும்பாலும் ஒருவர் தாக்கும் அணியில் இருப்பார், மற்றவர் தடுக்கும் அணியில். ஒரே நேரத்தில் இருவரும் மைதானத்தில் நிற்கக் கூடாது, அதுதான் விதி. 2020-இல் விதியை இன்னும் தெளிவாக்கினார்கள்: ஒரு எண்ணுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது, அதோடு, 0-வையும் இனிப் போட்டுக்கொள்ளலாம். தாக்குதல் வரிசையின் நடுவில் நிற்கும் பருமனான ஆட்கள் மட்டும் 50 முதல் 79-க்குள்தான் எண் வாங்க வேண்டும். அவர்கள் முன்னால் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கக் கூடாது என்பதால், எண்ணைப் பார்த்ததுமே நடுவர் கண்டுபிடித்துவிடுவார்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் இன்னொரு வழக்கம் உண்டு. மேட் மாக் என்ற வீரர் 18-ஆம் எண்ணோடு ஆடி, 2003 சீசனில் அணிக்கு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்த எண்ணை அவர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. தன்னலம் இல்லாமல், மற்றவருக்கு முன்மாதிரியாக நடக்கிற வீரருக்கு அதைக் கொடுக்கிறார்கள். 18 கிடைத்தால் அங்கே அது பரிசு. கூடவே ஒரு பொறுப்பு.

பிரான்ஸின் பத்து

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க அமெரிக்கா வரைகூடப் போக வேண்டாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கும் ஊர் இது. உலகக் கோப்பை வந்தால் பிரான்ஸுக்குக் கைதட்டும் வீடுகள் இங்கே உண்டு. பிரான்ஸின் 10-ஐ 1984-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றபோது போட்டிருந்தவர் மிஷேல் பிளாட்டினி. அவருக்கு மரியாதை என்று சொல்லி அந்த எண்ணை அன்றே மூடியிருந்தால், 1998 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தலையால் முட்டி இரண்டு கோல் போட்ட ஸிதான் முதுகில் 10 இருந்திருக்காது. 2022 இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்த எம்பாப்பே முதுகிலும் இருந்திருக்காது. இன்று பிரான்ஸின் 10 என்றால் மூன்று தலைமுறையும் சேர்ந்து ஞாபகத்துக்கு வருகிறது. பிளாட்டினிக்கு அதில் என்ன மரியாதை குறைந்துவிட்டது?

அர்ஜென்டினா 2002 உலகக் கோப்பையில் மரடோனாவுக்காக 10-ஐ ஒதுக்கிவைக்கப் பார்த்தது. 1 முதல் 23 வரை எல்லா எண்ணும் ஆள் மேல் இருக்க வேண்டும் என்று ஃபிஃபா மறுத்துவிட்டது. ஓர்ட்டேகா போட்டுக்கொண்டார். அன்று ஃபிஃபா சம்மதித்திருந்தால், 2022-இல் கோப்பையைத் தூக்கிய மெஸ்ஸியின் சட்டையில் வேறு ஏதோ ஓர் எண் இருந்திருக்கும்.

எண்ணை நிறுத்திவைப்பதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 2004 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டியில், கோவாவின் டெம்போ அணிக்கு ஆடிய பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் மைதானத்திலேயே சரிந்து இறந்தார். அவருடைய 10-ஐ டெம்போ இனி வேண்டாம் என்று வைத்துவிட்டது. 2014-இல் பந்து பட்டு இறந்த பிலிப் ஹியூஸின் 64-ஐ ஆஸ்திரேலியாவும் அப்படியே செய்தது. அது புகழுக்காகச் செய்தது இல்லை, துக்கத்தில் செய்தது. போன பிள்ளையின் சட்டையை அம்மா மடித்து வைப்பது மாதிரி. அதில் யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஓய்வு பெற்று நன்றாக இருக்கிறவர்களின் எண்ணைப் பூட்டுவது வேறு கதை. அதன் சுமை முழுவதும் விழுவது அடுத்து வருகிறவன் தலையில். 2025-இல் விராட் கோலி டெஸ்டிலிருந்து விலகிய சில வாரங்களில், இந்தியா ஏ அணிக்கு ஆடிய முகேஷ் குமார் 18 போட்டுக்கொண்டு வந்ததும் மறுபடி அதே கூச்சல். ஏ அணியில் எண் யாருக்கும் நிரந்தரம் இல்லை என்று வாரியத் தரப்பில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பாவம், அவர் செய்தது கொடுத்த சட்டையைப் போட்டதுதான்.

வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை ஓடிக்கொண்டிருக்கும் டீம்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வழிகள் இருக்கின்றன. கிடைத்த எண் ஒரு சீசனுக்கு மட்டும் என்று முன்பே பேசிக்கொள்ளலாம். போட்டி கூடினால் சீட்டுக் குலுக்கிப் போடலாம். பயிற்சிக்கு ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவருக்கு 7 என்று வைத்தால், அந்த 7-க்கும் ஒரு மதிப்பு வரும். ஒரே டீமில் இரண்டு பேருக்கு ஒரே எண் மட்டும் வேண்டாம். பதினைந்து பேர் டீமில் அதற்கு அவசியமும் இல்லை. ஸ்கோர் எழுதுகிறவர் குழம்பிப்போவார், ஒருவர் அடித்த சிக்ஸர் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

கடைசியாக மிஞ்சிய எண்ணை வாங்கிக்கொள்ளும் சின்னப் பையனிடம் கில்லின் கதையைச் சொல்லலாம். கேட்ட 7 அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று கடைகளில் 77 போட்ட சட்டை தொங்குகிறது. அதையும் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள்.