99.7 சதவீதம் உயிர் இருக்காமே டாக்டர்?

"வேற்றுக் கிரகத்துல உயிர் இருக்குன்னு 99.7% உறுதியாயிடுச்சாமே?" இந்தக் கேள்வி 2025 ஏப்ரல்ல இருந்து ஏதோ ஒரு வடிவத்துல எனக்கு வந்துட்டே இருக்கு. நான் வானியல் படிச்சவன் இல்லை. அரசு மருத்துவமனையில ஓபி பார்க்கிற எம்பிபிஎஸ். ஆனா அந்த 99.7-ஐ தினமும் வேற வேற பேர்ல லேப் ரிப்போர்ட்ல பார்க்கிறவன். அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல விஷயம் என்னன்னு பார்த்துடுவோம். கே2-18பி-ன்னு ஒரு கோள். நம்மகிட்ட இருந்து 124 ஒளியாண்டு தூரம். பூமியை விட 2.6 மடங்கு அகலம், 8.6 மடங்கு நிறை. ஒரு சிவப்புக் குறுமீனை 33 நாளுக்கு ஒரு தடவை சுத்தி வருது. தன் விண்மீனுக்கு முன்னாடி அது கடக்கும்போது, விண்மீன் வெளிச்சத்துல ஒரு துளி கோளோட காத்து மண்டலத்துக்குள்ள புகுந்து வரும். அங்க என்ன வாயு இருக்கோ, அது தனக்குப் பிடிச்ச அலைநீளத்தை விழுங்கிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படிக்கிறது அந்தக் குறைஞ்சுபோன வெளிச்சத்தைத்தான்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதன் குழு அதுல டைமெத்தில் சல்பைடு, இல்லைன்னா அதோட உறவுக்கார மூலக்கூறு ஒண்ணு இருக்கிற மாதிரி தெரியுதுன்னு அறிவிச்சாங்க. பூமியில இந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குறது கடல்ல மிதக்கிற நுண்ணுயிர்கள். கடற்கரைக்குப் போனா வர்ற அந்த வாசனையில இதுக்கும் பங்கு உண்டு. அறிவிப்புல சொன்ன கணக்கு 3 சிக்மா. அதாவது இந்தத் தடம் வெறும் தற்செயலா வந்திருக்க 0.3% வாய்ப்பு. 100-ல இருந்து 0.3-ஐக் கழிச்சாங்க, 99.7 வந்துச்சு, "உயிர் இருக்கு"ன்னு தலைப்புப் போட்டாங்க.

இந்தக் கழித்தல்தான் தப்பு. எங்க தொழில்ல இதே கழித்தலால ஆளே செத்துப்போகலாம்.

கணக்கைப் பாருங்க. நம்ம நாட்டுல பெரியவங்கள்ல சுமார் 0.2% பேருக்கு எச்ஐவி தொற்று இருக்கு. 10,000 பேரை வரிசையா நிக்க வச்சா 20 பேர். இப்ப ஒரு டெஸ்ட் கிட், தொற்று இல்லாதவங்கள்ல 0.3% பேருக்கு மட்டும் தப்பா பாசிட்டிவ் காட்டும்னு வச்சுக்குவோம். நல்ல கிட்தானே? உண்மையான 20 பேரையும் அது பிடிச்சிடுது. மீதி 9,980 பேர்ல 0.3%, ஏறக்குறைய 30 பேருக்குத் தப்பா காட்டுது. மொத்தம் 50 பாசிட்டிவ். அதுல 30 பேருக்கு நோயே இல்லை!

0.3% தப்புன்னு சொன்ன அதே கிட். பாசிட்டிவ் வந்தவருக்கு நிஜமா தொற்று இருக்க வாய்ப்பு 40%தான். டெஸ்ட் எவ்வளவு துல்லியம்ங்கிறது ஒரு கேள்வி, எனக்கு நோய் இருக்காங்கிறது இன்னொரு கேள்வி. ரெண்டாவதுக்குப் பதில் சொல்ல, அந்த நோய் ஊர்ல எவ்வளவு பரவலா இருக்குன்னு தெரியணும். கோள்கள் விஷயத்துல அந்த எண்ணே நம்மகிட்ட இல்லை. இதுவரைக்கும் உறுதியான கேஸ் ஒண்ணே ஒண்ணு. அது நாம நிக்கிற இந்தப் பூமி.

சில வருஷம் முன்னாடி ஒரு பையன் வந்தான். வெளியில ஏதோ ஒரு லேப்ல ஒரே ஒரு கார்டு டெஸ்ட், "ரியாக்டிவ்"னு சீட்டு எழுதிக் கையில கொடுத்து அனுப்பிட்டாங்க. மூணு நாளா சாப்பிடலை, வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினோம். அங்க நெகட்டிவ். உரிய இடைவெளி விட்டு திரும்பப் பார்த்தப்பவும் நெகட்டிவ். அறிகுறி இல்லாதவங்களுக்கு எச்ஐவின்னு முடிவு சொல்லணும்னா மூணு வெவ்வேறு வகை கிட்ல பாசிட்டிவ் வரணும்ங்கிறது நம்ம நாட்டு விதிமுறை. ஒரே கிட்டை மூணு தடவை போடறதில்லை, கவனிங்க. ஒரு கிட் பண்ற தப்பை அதே கிட் திரும்பவும் பண்ணும்.

கே2-18பி-க்கு அடுத்து நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அதே தரவை வேற ஆட்கள் வேற முறையில படிச்சாங்க. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜேக் டெய்லர், அந்தப் புள்ளிகளுக்கு நடுவுல ஒரு நேர்கோடு போட்டாலே பொருந்துதுன்னு காட்டினார். ஈசிஜி மேடு பள்ளம்னு நாம நினைச்சது வெறும் நடுக்கமாக்கூட இருக்கலாம்ங்கிற மாதிரி. சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒண்ணு பழைய தரவு, புதுத் தரவு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துட்டு, போதுமான ஆதாரம் இல்லைன்னு எழுதுச்சு.

இன்னொரு சிக்கல் எனக்கு ரொம்பப் பழக்கமானது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ். ரிப்போர்ட்ல "நார்மல்"னு போட்டிருக்கிற அளவு, பெரும்பாலான டெஸ்ட்டுக்கு, ஆரோக்கியமானவங்கள்ல 95% பேர் வர்ற எல்லை. மீதி 5% பேர் நல்லா இருந்தாலும் அதுக்கு வெளியில விழுவாங்க. ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, முழு ஆரோக்கியமான ஆளுக்கும் ஏதாவது ஒண்ணு சிவப்பு எழுத்துல வர சுமார் 64% வாய்ப்பு. மதுசூதன் குழு அந்த ஆய்வுல தேடினதும் 20 மூலக்கூறுகளை. வேற ஒரு குழு பட்டியலை நீட்டிப் பார்த்தப்ப, உயிருக்குச் சம்பந்தமே இல்லாத சில வாயுக்களும் அதே தடத்துக்கு நல்லாவே பொருந்துச்சு.

சரி, டைமெத்தில் சல்பைடு நிஜமாவே இருக்குன்னு நாளைக்கே உறுதியாகட்டும். அப்பவும் அது உயிரோட அடையாளமா? 67பி-ங்கிற வால்மீன்லயும் இதே மூலக்கூறு இருந்ததா 2024-ல தெரிய வந்துச்சு. அங்க கடலும் கிடையாது, பாசியும் கிடையாது. எங்ககிட்ட ஈஎஸ்ஆர்னு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்தசோகைன்னாலும் ஏறும், காசநோய்னாலும் ஏறும், கர்ப்பம்னாலும் ஏறும். ஈஎஸ்ஆரை மட்டும் வச்சு டிபி மாத்திரை எழுதினா என்னைச் சும்மா விடுவீங்களா?

இதே கோள்ல 2019-லயும் ஒரு கூத்து நடந்துச்சு. ஹப்பிள் தரவை வச்சு "நீராவி கண்டுபிடிப்பு"ன்னு உலகம் முழுக்கத் தலைப்பு. 2023-ல ஜேம்ஸ் வெப் பார்த்தப்ப மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் தெளிவா தெரிஞ்சுது, நீராவி தெரியலை. ஹப்பிள் பார்த்த தடம் மீத்தேனோடது போலன்னு ஆச்சு. இந்த ரெண்டாவது செய்தி உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துச்சா?

இதுல விஞ்ஞானிகளை "விளம்பரத்துக்காகப் பேசறாங்க"ன்னு திட்டறவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. இன்னும் 16-ல இருந்து 24 மணி நேரம் ஜேம்ஸ் வெப் பார்த்தா 5 சிக்மாவை எட்டலாம், அதுவரைக்கும் உறுதி சொல்ல முடியாதுன்னு அவங்களே சொன்னாங்க. ஆனா பல்கலைக்கழகச் செய்திக் குறிப்பே சுருதியைக் கொஞ்சம் ஏத்தி வச்சுதான் ஆரம்பிச்சுது. சேனல்காரங்க அதை இன்னும் ஏத்தினாங்க. அப்புறம் மறுப்பு வந்ததும் ஜனங்க என்ன சொல்றாங்க? "இவங்க இப்படித்தான், மாத்தி மாத்திச் சொல்வாங்க." இதே வாக்கியத்தை நான் தடுப்பூசி அறையில கேட்கிறேன், கைக்குழந்தையோட நிக்கிற அப்பா வாயில இருந்து. என் கோபம் அங்க இருந்து வர்றது. 124 ஒளியாண்டுக்கு அப்பால இருக்கிற வாயுவைப் பத்தித் தப்பா தலைப்புப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்கறவங்களுக்கு, இந்த நஷ்டம்.

நல்ல முறையில சொன்னதும் உண்டு. செவ்வாய்ல பெர்சிவரன்ஸ் வண்டி 2024 ஜூலையில ஒரு பாறையில சிறுத்தைப் புள்ளி மாதிரி கறைகளைப் பார்த்துச்சு. இரும்பு பாஸ்பேட், இரும்பு சல்பைடு கனிமங்கள். பூமியில நுண்ணுயிர்கள் உண்டாக்கக்கூடிய வகை, அதுக உதவியில்லாமலும் உண்டாகலாம். ஒரு வருஷத்துக்கு மேல சரிபார்த்து, 2025 செப்டம்பர்ல நேச்சர் இதழ்ல "சாத்தியமுள்ள உயிர்த்தடம்"னு மட்டும் எழுதினாங்க. உயிர் இருக்குன்னு சொல்ல ஏழு படி ஏறணும்னு நாசா விஞ்ஞானிகள் 2021-ல ஒரு அளவுகோல் முன்வச்சிருக்காங்க. இது அதுல கீழ்ப்படியில நிக்குது.

அந்தப் பாறையில துளை போட்டு, பென்சில் கனத்துல ஒரு துண்டு எடுத்து, குழாய்ல அடைச்சு வச்சாச்சு. எங்க பாஷையில பயாப்சி எடுத்தாச்சு. பூமிக்குக் கொண்டுவந்து நல்ல லேப்ல பார்த்தா பதில் கிடைக்க நல்ல வாய்ப்பு. ஆனா கொண்டுவர்ற திட்டத்தை நிறுத்திடலாம்னு 2025 மே மாசம் அமெரிக்க அரசே பட்ஜெட்ல முன்மொழிஞ்சுது. சாம்பிள் ரெடி, லேப் ரெடி, எடுத்துட்டுப் போக வண்டி இல்லை. அரசு மருத்துவமனைக்காரனுக்கு இது புரியறதுக்கு வானியல் தெரிஞ்சிருக்கணுமா என்ன!