பாடா? பட்டணமா?

மணமாலை சூடிய இளைஞன் ஒவ்வொருவன் முன்னும் வந்து நிற்கும் வினா ஒன்றுண்டு. குடியமர்வது எங்கே? பிறந்த சிற்றூரிலா, பிழைக்க அழைக்கும் பெருநகரிலா? உழவன் மகனுக்கும் இவ்வினா உண்டு. நெசவாளன் மகனுக்கும் உண்டு. ஆயினும், பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் பிறந்த மீனவ இளைஞனுக்கு அது வந்து நிற்கும் முறையே வேறு. அவனுக்கு மணம் என்பது மனைவியை மட்டும் தருவதன்று. ஏரியில் ஒரு பங்கையும் தருவது.

அவ்வூரின் பெயரை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1613-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டினர். தம் நாட்டு மாநிலம் ஒன்றின் பெயரால் அதைக் கெல்திரியா என்றழைத்தனர். சோழமண்டலக் கரை வணிகத்துக்கெல்லாம் அதையே தலைமையிடமாக வைத்திருந்து, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். பழவேற்காடு என்னும் நற்றமிழ்ப் பெயர் வெள்ளையர் வாயில் ‘புலிக்காட்’ எனச் சிதைந்தது. இக்கரையிலிருந்து துணிமூட்டைகள் மட்டுமா கப்பலேறின? விலைக்கு வாங்கப்பட்ட மாந்தரும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அந்தக் கோட்டை இன்று புதர் மண்டிய மண்மேடு. ஆனால், கோட்டையின் பெயரைத் தாங்கிய குப்பமோ இன்றும் வலை வீசி வாழ்கிறது. கல்லால் கட்டியது வீழ்ந்தது. கட்டுப்பாட்டால் கட்டியது நிற்கிறது.

அந்தக் கட்டுப்பாட்டின் பெயர்தான் ‘பாடு’. ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தின் வழியே இறாற்குஞ்சுகள் உள்ளே வருகின்றன. ஏரியின் உவர்நீரில் வளர்கின்றன. வளர்ந்தபின் வற்றுநீரின் ஓட்டத்தோடு மீண்டும் கடல் நோக்கிச் செல்கின்றன. அந்த ஓட்டத்தின் குறுக்கே கழி நட்டு வலை கட்டினால் இறால் கிடைக்கும். ஆனால், எல்லா இடத்திலும் ஒன்றுபோற் கிடைக்குமா? நீரோட்டம் மிக்க இடத்தில் வலை நிறையும். மற்ற இடத்தில் அரைகுறையே. வலியவன் நல்லிடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி கிடப்பான். அப்படி நேராதவாறு கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராரும் இடங்களை வகுத்து, குலுக்கலாலும் சுழற்சியாலும் முறை வைத்துக்கொண்டனர். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை வேறிடம் செல்வான். மணமான ஆடவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. பணம் கொடுத்து வாங்கும் பங்கன்று அது. ஊரில் ஒருவனாய் நிற்பதால் வருவது. பாடுபடுவார்க்கே பாடு! பொதுவுடைமை பற்றி நூல்கள் எழுதப்படுமுன்பே நெய்தல் மாந்தர் கண்ட நெறி இது.

இனி, பட்டணத்தின் அழைப்பையும் மறைக்காமல் சொல்லல் வேண்டும். தெற்கே ஏறத்தாழ 60 கல்தொலைவுக்குள் சென்னை இருக்கிறது. அங்கே திங்கள்தோறும் சம்பளம் வரும். இங்கே வலை வெறுமையாய் வந்த நாளில் அடுப்பு எரிவது அரிது. அங்கே உயர்கல்விக்கும் பெருமருத்துவத்துக்கும் வாயிலுண்டு. இங்கே பேறுகாலத் துன்பம் நள்ளிரவில் வந்தால், பொன்னேரி நோக்கி விரைய வேண்டும். படித்த பெண் மணமகனின் ஊரைக் கேட்டுத் தயங்குகிறாள் என்றால், அவளைப் பழிப்பதற்கில்லை. உப்பங்காற்றில் அழகு காண்பது, மாலையில் மாடிவீட்டுக்குத் திரும்பிவிடும் சுற்றுலாக்காரனுக்கு எளிது. அந்தக் காற்றிலேயே பிள்ளை பெற்று வளர்ப்பவளுக்குத்தான் அதன் விலை தெரியும்.

ஆனால், அழைக்கின்ற பட்டணம் எங்கே இடம் தருகிறது? அதையும் கேட்க வேண்டாவா? சென்னை நகரின் ஆற்றோரங்களிலும் குப்பங்களிலும் வாழ்ந்த எளியோர், 2000-ஆம் ஆண்டு முதல் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டனர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், கடற்கரைக் குப்பத்தார் பலர் செம்மஞ்சேரி அடுக்ககங்களுக்குச் சென்றனர். கடலிலிருந்து விலக்கப்பட்ட மீனவனுக்கு அங்கே வலை உலர்த்த இடமேது? படகை நிறுத்த இடமேது? கூடையில் மீன் விற்ற தாய்க்குப் பழகிய தெருக்கள் எங்கே? முறை தவறிய அரசை எதிர்த்து வழக்குரைத்தவள் கண்ணகி. நகரத்தின் நடுவில் இடமில்லை என்று விலக்கப்பட்டோரின் குடியிருப்புக்கே அவள் பெயர் வாய்த்தது, எண்ண எண்ண நெஞ்சைச் சுடுகின்றது. பல தலைமுறை நகரில் வாழ்ந்தவர்க்கே இந்நிலை என்றால், நேற்று வந்து குடிக்கூலி வீட்டில் ஒண்டியவனுக்கு என்ன உறுதி? ஊரில் அவன் ஒரு தலைக்கட்டு. நகரில் அவன் ஓர் ஆள்.

அதனால் சிற்றூர் குறையற்றது என்று கொள்வது தவறு. பாடு முறை ஒப்புரவின் வடிவம்தான். ஆயினும், அந்த ஒப்புரவு ஒரு குலத்தாரின் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. அதே ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று, கையாலே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அதில் பங்கில்லை. ஒடுக்கப்பட்ட பிற குடிகளுக்கும் இல்லை. பெண் தன் பெயரால் தலைக்கட்டு ஆவதில்லை. தலைக்கு ஒரு பங்கு என்று சொல்லிவிட்டு, சில தலைகளை எண்ணாமல் விடுவது எந்த முறை? சாதி வேலியை அறுத்தெறிந்து ஊர்தோறும் பொதுமை பேசுவோர், ஏரியின் நடுவே நிற்கும் வேலியைக் காணாததுபோல் இருத்தலாகாது. பாடு வாழ வேண்டுமானால் அது விரிய வேண்டும்.

ஆயினும், பாட்டையே இல்லாததாக்கும் கேடு வேறு பக்கத்திலிருந்து வருகின்றது. ஏரியின் கிழக்கே நீண்டு கிடக்கும் சிறீஅரிக்கோட்டைத் தீவு, 1969-இல் விண்கல ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த குடிகள் இடம்பெயர்க்கப்பட்டனர். ஏவூர்தி கிளம்பும் நாளில் இன்றும் மீனவர்க்குக் கடல் அடைக்கப்படுகிறது. தெற்கே, எண்ணூர்த் துறைமுகம் 2001-இலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இலும் இயங்கத் தொடங்கின. சோழமண்டலக் கரையோரம் கடல்மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. இடையே கற்சுவரைக் கடலுக்குள் நீட்டினால், தென்பக்கம் மணல் குவியும். வடபக்கக் கரை அரிக்கப்படும். பழவேற்காடு இருப்பது அந்த வடபக்கத்தில்! அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன பாடு படுத்தின என்பதை அக்கரை மீனவரைக் கேட்டால் சொல்வர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை மேலும் விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர் எதிர்த்து நிற்பதன் கரணியம் இதுவே. மற்றொரு பக்கம், முகத்துவாரம் மணலால் தூர்ந்து அடைபட்டால் இறாற்குஞ்சு உள்ளே வாராது. படகு வெளியே செல்லாது. இறால் இல்லாத ஏரியில், முறைவைத்துப் பங்கிட என்ன இருக்கிறது?

ஆக, கோட்டைக்குப்பத்து இளைஞன் பட்டணத்துக்குப் புறப்படுவதைப் பார்த்து, ‘நகர மோகம்’ என்று எள்ளி நகைப்பது அறியாமை. அவன் விரும்பிப் போகிறானா, விரட்டப்பட்டுப் போகிறானா என்பதே கேள்வி. ஏரி உயிரோடிருந்து, பள்ளியும் மருத்துவமும் அருகிலிருந்து, பிடித்த மீனுக்கு உரிய விலையும் கிடைத்து, அதன்பின் ஒருவன் நகரத்தைத் தேர்ந்தால் அது தேர்வு. எல்லாம் பறிபோன பின் பேருந்தேறினால், அதற்குத் தேர்வு என்று பெயரில்லை. வெளியேற்றம் என்றே பெயர்.

அந்த வெளியேற்றத்தில் தமிழ் இழப்பதும் சிறிதன்று. வாடையும் கொண்டலும் கச்சானும் நூலில் அச்சேறிய சொற்களாக மட்டும் வாழ்வன அல்ல. எந்தக் காற்றில் படகு இறக்கலாம், எதில் இறக்கலாகாது என்று முடிவு செய்யும் வாயில் வாழ்வன. மடவையும் கொடுவாவும் கிழங்கானும் அகரமுதலியில் எழுதி வைத்தால் காக்கப்பட்டுவிடுமா? வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் கை அவற்றைச் சொல்ல வேண்டும். பாடு என்ற சொல்லையே பாருங்கள்! அது உழைப்பு, அது இடம், அது முறை. மூன்றையும் ஒரே சொல்லால் குறித்த குமுகம், மூன்றும் பிரிக்கக்கூடாதவை என்று அறிந்திருந்தது. உழைப்பு மட்டும் நகருக்குப் போய், இடமும் முறையும் அழிந்தால், சொல் பாதிப் பொருளோடு நொண்டும். தூய தமிழ்ச் சொல் வேண்டுவோர், அச்சொல் பிறந்த தொழிலும் நிலமும் வேண்டுமென்று கேட்டாக வேண்டும்.

எனவே, செய்யத்தக்கவை வெளிப்படை. முகத்துவாரம் தூராமல் காக்கப்பட வேண்டும். ஏரியை நெருக்கும் திட்டம் எதுவாயினும், கரைவாழ் மக்களின் இசைவின்றி நடக்கலாகாது. குப்பத்துப் பிள்ளை மேற்படிப்புக்காக ஊரையே விடவேண்டிய நிலை மாற வேண்டும். பனிக்கட்டி அறையும் விற்பனைக் கூட்டுறவும் வந்து, முன்பணக் கடனால் மீனவனைக் கட்டிவைக்கும் வணிகரின் பிடி தளர வேண்டும். பாடு முறைக்கு அரசு அறிந்தேற்பு வழங்க வேண்டும்; வழங்கும்போதே, விடுபட்ட குடிகளுக்கும் பெண்டிர்க்கும் அதில் இடம் வேண்டும்.

இவை நிறைவேறிய பின்னும் சிலர் நகர்க்குச் செல்வர், செல்லட்டும். ஆனால் திரும்பி வர ஓர் ஊரும், வந்தால் நிற்க ஒரு பாடும் அவர்க்கு இருத்தல் வேண்டும். ஒல்லாந்தர் கோட்டையைக் காக்க எவரும் இன்று இல்லை. கோட்டைக்குப்பத்தைக் காக்கத் தமிழர் இருக்கின்றனரா என்பதே இனி விடை காண வேண்டிய வினா.