சுவரில் பாயும் சிறுத்தை

சென்னை நொச்சிக்குப்பத்தில் கரையேற்றிய படகுகளின் மேல் வண்ண வண்ணமாய் மீன் வரைந்திருப்பார்கள். கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர்களுக்கு அது அழகு. படகுக்காரருக்கோ அது தொழில். இந்தக் கரையில் தனக்குள்ள உரிமை. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிப் படகுகளையும் வலைகளையும் அகற்ற வந்தபோது மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. 2023 ஏப்ரலில் லூப் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோதும் அவர்கள் சாலையில் அமர்ந்து போராடினார்கள். இதைத் தெரிந்துகொண்டால், அந்த மீன் வெறும் அலங்காரம் அல்ல என்பது புரியும்.

நம் சேரிச் சுவர்களில் பாயும் சிறுத்தையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ‘எதற்கு இவ்வளவு முரட்டுப் படம்?’ என்று முகம் சுளிக்கிறவர்கள் அதன் வரலாற்றைக் கேட்பதில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்றொரு மாவட்டம். மக்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். ஆனால் 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. போராடி வாக்குரிமை பெற்றவர்கள் தனிக் கட்சி தொடங்கினார்கள். எழுத்தறியாதவர்களும் அடையாளம் கண்டு வாக்களிக்க ஒரு சின்னம் வேண்டியிருந்தது. வெள்ளையர் ஆதிக்கக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். இவர்கள் கருஞ்சிறுத்தையை எடுத்தார்கள். 1966-இல் கலிபோர்னியாவில் உருவான கருஞ்சிறுத்தைகள் கட்சி அதை வரித்துக்கொண்டது. அதன் தாக்கத்தில் 1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசால் முதலிய இளம் எழுத்தாளர்கள் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அது மதுரைக்கும் வந்தது. 1990-களில் தமிழகத்தின் ஊர் ஊராய்ச் சுவர் ஏறியது.

அதற்கும் முன்பு, 1951–52 பொதுத்தேர்தலில் அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு யானைச் சின்னத்தில் நின்றது. படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்குப் படமே எழுத்தானது.

தென்சென்னையின் கண்ணகி நகருக்கு 2020-இல் பெரிய பெரிய சுவரோவியங்கள் வந்தன. அழகாகவே இருக்கின்றன. ஆனால் அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகள். அவர்களில் தலித்துகள் ஏராளம். சுவருக்கு வண்ணம் பூசுவதால் இழந்த வேலையும் பள்ளியும் பக்கத்தில் வந்துவிடாது. பிறர் நமக்காக வரைவது வேறு, நாமே நமக்காக வரைவது வேறு.

நம்மவர்களுக்கும் ஒரு சொல். இன்று பல சுவர்களில் சிறுத்தை சிறுத்துப்போய், தலைவர்களின் முகங்கள் பெருத்துவிட்டன. பின்னணியில் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தச் சிறுத்தை ஏன் பாய்கிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அந்தத் தெருவில் ஆள் இருக்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர்ச் சுவரில் எந்த விலங்கின் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். வரைந்தது யார்? சுவர் யாருடையது? அதை அழிக்க நினைப்பவர் யார்? மூன்றாவது கேள்விக்கான பதிலில் உங்கள் ஊரின் சாதி தெரியும்.